அப்பிளின் நீரும் வெண்ணெயின் குளிரும்

பாரிஸ் நகரத்துப் பாண் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் குருவாசோனுக்குப் பக்கத்தில், பிறை வடிவில் மடிக்கப்பட்டு, முதுகில் இலை நரம்புக் கோலம் கீறப்பட்டு அடுக்கியிருக்கும் ஷோசோன் ஓ பொம் என்னும் அப்பிள் பலகாரத்தைப் பற்றி, அதைச் செய்பவர்களே அதிகம் பேசுவதில்லை. அடுக்கு மா, அப்பிள் கூழ், முட்டைப் பூச்சு ஆகிய மூன்றையும் தவிர அதில் வேறொன்றும் இல்லாததால் அது எளிய பலகாரமாகவே கருதப்படுகிறது. ஆயினும் ஒரு கடையின் வேலையறை, அதாவது தொழிலாளர் லபோ என்று அழைக்கும் இடம், எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதை அறிய விரும்பும் ஒருவர் அதில் ஒன்றை வாங்கிக் குறுக்கே வெட்டிப் பார்த்தாலே போதும் என்பது, அத்தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த இக்கட்டுரையாளரின் கருத்து. மேல் மடிப்பு படலம் படலமாகப் பிரிந்து நிற்க, அடிப்பகுதி மட்டும் ஈரக் களியாகக் கிடந்தால், அங்கே யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்கவில்லை என்பது தெளிவு. மா ஆறுவதற்கு முன்பே உருட்டியிருப்பார், அல்லது கூழ் வற்றுவதற்கு முன்பே இறக்கியிருப்பார், அல்லது மேல்நிறத்தைப் பார்த்து ஏமாந்து போறணைக் கதவைத் திறந்திருப்பார்.

1983க்குப் பின்னர் இலங்கையிலிருந்து பிரான்சுக்கு வந்த தமிழருள் மிகப் பலருக்கு முதலில் கிடைத்தது புளோஞ், அதாவது உணவகங்களின் பின்புறத்தில் பாத்திரம் கழுவும் வேலை. அதற்கு மொழி தேவையில்லை. நின்று களைக்காத கால்கள் போதும். அங்கிருந்து குசினிக்குள் நுழைந்து காய்கறி வெட்டி, பின்னர் அடுப்படிக்கு உயர்வது பலரும் நடந்த பாதை. லபோவுக்குள் நுழைந்தவர்கள் அந்த நாட்களில் குறைவு. அதற்கு ஒரு முக்கிய காரணம் நேரம். அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குத் தொடங்கும் வேலைக்குப் போக மெற்றோ ஓடாது என்பதால், கடைக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தவர்களும், இரவு பஸ்ஸில் தூங்கிப் பழகியவர்களுமே அதில் நிலைத்தார்கள். இக்கட்டுரையாளர் பாத்திரத் தொட்டியிலிருந்து அப்பிள் தோல் சீவும் மேசைக்கு மாற்றப்பட்டது 1980களின் பிற்பகுதியில். அதற்கடுத்த படி தூரியே, அதாவது அடுக்கு மாவை உருட்டி மடிப்பதை மட்டுமே பொறுப்பாகக் கொண்ட ஆள். லபோவில் பத்ரோன் என்னும் முதலாளிகூடத் தூரியேயின் மேசையில் கை வைப்பதற்கு முன் ஒரு கணம் தயங்குவார்.

பிரெஞ்சில் ஃபெய்தாஜ் என்றும் ஆங்கிலப் பழக்கத்தில் பஃப் பேஸ்ட்ரி என்றும் அறியப்படும் அடுக்கு மாவுக்கு, அக்காலத்தில் லபோக்களில் வழங்கிய அளவு 1 கிலோ கோதுமை மா, அரை லீற்றர் தண்ணீர், 20 கிராம் உப்பு, 750 கிராம் வெண்ணெய் என்பது. மா, நீர், உப்பு மூன்றையும் அதிகம் அடித்துப் பிசையாமல் சேர்த்துக் கட்டியதற்குத் தெத்ரோம்ப் என்று பெயர். அது ஆறிய பின், உருளையால் அடித்துத் தட்டையாக்கிய வெண்ணெயை அதனுள் பொதித்து, நீளமாக உருட்டி மூன்றாக மடித்தால் அது ஒரு சுற்று. மரபுப்படி ஆறு சுற்றுகள் மடிக்கையில் ஒவ்வொரு முறையும் படலங்கள் மும்மடங்காவதால், முடிவில் வெண்ணெய்ப் படலங்கள் மட்டுமே 729 ஆகின்றன. போறணையில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி மேலே தள்ள, உருகிய வெண்ணெய் படலங்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுக்க, ஈஸ்ற் எதுவும் இல்லாமலே மா பல மடங்கு எழுகிறது.

இதில் எந்த நூலும் போதிய அழுத்தம் கொடுத்துச் சொல்லாதது, வெண்ணெயும் தெத்ரோம்பும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய்த் தகட்டை இரு கைகளாலும் பிடித்து வளைத்தால், அது வெடிக்காமலும் விரலில் ஒட்டாமலும் வளைய வேண்டும். மாவைவிட வெண்ணெய் கடினமாக இருந்தால், உருட்டும்போது அது உள்ளுக்குள் துண்டு துண்டாக உடைந்து, உடைந்த இடங்களில் மா மாவோடு ஒட்டிக்கொள்ளும். இளகியிருந்தால் ஓரங்களால் பிதுங்கும். ஒவ்வோர் இரண்டு சுற்றுக்கும் பின்னர் மாவைக் குளிரில் ஓய விடுவதற்கும் இரண்டு காரணங்கள் உண்டு: வெண்ணெய் மீண்டும் இறுகுகிறது, உருட்டலில் முறுக்கேறிய குளூட்டன் என்னும் புரத வலை தளர்கிறது. ஓய்வில்லாத மா, வெட்டிய பின் சுருங்கி, வட்டமாக வெட்டப்பட்டது நீள்வட்டமாகிவிடும்.

ஓய விடும் மாவின் மூலையில், முடிந்த சுற்றுகளின் எண்ணிக்கையை விரல் நுனியால் குழியாக அழுத்தி வைப்பது தூரியேக்களின் வழக்கம். இரண்டு குழி என்றால் இரண்டு சுற்று, நான்கு குழி என்றால் நான்கு. ஒருவர் வேலை முடித்துப் போக மற்றொருவர் வந்து தொடரும் லபோக்களில், மாலி நாட்டவரும் நோர்மண்டிக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் பொதுமொழி அதிகம் இல்லாமலே ஒரே மாவைப் பகிர்ந்து முடிப்பதற்கு அந்தக் குழிகள் போதுமானவையாக இருந்தன. அடுக்கு மாவின் பிறப்புப் பற்றி, ஓவியர் கிளோட் ஜெலே இளமையில் பலகாரக் கடையில் வேலை செய்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்னும் கதை பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. லா வரென் என்னும் சமையற்காரர் 1651இல் வெளியிட்ட நூலில் அதன் செய்முறை இருப்பதே உறுதியாகச் சொல்லத்தக்கது.

பழைய பாரிஸ் கட்டடங்களில் லபோ பெரும்பாலும் நிலவறையிலேயே இருந்தது. காற்றோட்டம் குறைந்த அந்த அறையில், சில மீற்றர் தொலைவில் போறணை எரிய, கையால் உருட்டியவர்கள் பளிங்கு மேசையின் குளிரையே நம்பியிருந்தார்கள். லமினுவார் எனப்படும் உருட்டும் இயந்திரம் பெரிய கடைகளில் முன்பே இருந்தபோதிலும், இக்கட்டுரையாளர் வேலை பார்த்த சிறிய லபோக்களுக்கு அது 1990களில்தான் வந்தது. தோள்வலி குறைந்தது என்பது உண்மை. ஆனால் இயந்திரம் வேகமானது. ஐந்து நிமிடத்தில் மூன்று சுற்றுகளை முடிக்க முடியும் என்று கண்ட சில பத்ரோன்கள், ஓய்வு நேரத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம் என்று எண்ணினார்கள். 2000களின் தொடக்கத்தில் 35 மணி நேர வேலைவாரம் சிறு கடைகளுக்கும் வந்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு எழுதப்பட்டபோது இந்த எண்ணம் வலுத்தது. மாவோ 1651இல் கேட்ட ஓய்வையே கேட்டுக்கொண்டிருந்தது.

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத வெப்ப அலையின்போது பாரிஸில் வெப்பநிலை 40 பாகையை நெருங்கியது. விடுமுறைக்காகப் பூட்டாமல் திறந்திருந்த கடைகளில் அடுக்கு மா செய்வது அந்த நாட்களில் அநேகமாக இயலாத காரியமாயிற்று. மேசையில் வைத்த வெண்ணெய் மூன்று நிமிடத்தில் பளபளக்கத் தொடங்கும். பளபளப்பு என்றால் உருகல் என்று பொருள். நள்ளிரவுக்குப் பின், ஒரு தடவையில் ஒரேயொரு கட்டியை எடுத்து, ஒரு சுற்று மட்டும் மடித்து, மறுபடியும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து வேலை ஓட்டப்பட்டது. 2019 ஜூலை 25ஆம் நாள் பாரிஸ் 42.6 பாகையைத் தொட்டு எல்லாப் பழைய அளவுகளையும் முறியடித்தபோது நிலைமை வேறு. அதற்குள் பல லபோக்களில் பலகாரப் பகுதிக்குத் தனிக் குளிரூட்டிய அறையும், அடியில் குளிர்ப்பெட்டி பொருத்திய மேசையும் வந்துவிட்டதால், வெளியே நகரம் வெந்துகொண்டிருந்த அன்றும் ஷோசோன் வழக்கம்போல் எழுந்தது. தொழிலில் நேர்ந்த மாற்றங்களுள் தொழிலாளிக்கும் மாவுக்கும் ஒருங்கே நன்மை செய்தது என்று தயங்காமல் சொல்லத்தக்கது இந்தக் குளிரூட்டல் ஒன்றே.

வெண்ணெயின் கதை வேறு. வீட்டில் பாணில் பூசும் வெண்ணெயில் 82 வீதம் கொழுப்பு இருக்கும். மடிப்பு வேலைக்கென்று விற்கப்படும் உலர் வெண்ணெயில் 84 வீதம். அந்த இரண்டு வீதத்தோடு உருகுநிலையும் சற்று உயர்வாக இருப்பதால், உலர் வெண்ணெய் உருளையின் கீழ் கிழியாமல் நீள்கிறது. தூரியேக்கள் விரும்பிக் கேட்ட சரக்கு, 1979இல் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற ஷரோந்த்-புவாத்து வட்டாரத்து வெண்ணெய். மாஜரினில் செய்த அடுக்கு மா கோடையிலும் எளிதில் கட்டுப்படும், உயரமாகவும் எழும், விலையும் மலிவு. ஆனால் அதன் கொழுப்பு வாயின் வெம்மையில் முழுதாக உருகாததால் அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டி நிற்கும். கடைப் பலகையில் பூர் பேர், அதாவது தூய வெண்ணெய், என்று எழுதப்படுவது இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காகவே. 2016இன் வசந்தத்தில் தொன் ஒன்று ஏறத்தாழ 2,500 யூரோவுக்கு விற்ற மொத்த வெண்ணெய், 2017 கோடையின் முடிவில் 7,000 யூரோவை அண்மித்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பிரான்சின் பெருங்கடைத் தட்டுகளிலேயே வெண்ணெய் கிடைக்காமற்போனது. அந்த மாதங்களில் சில கடைகளில் பூர் பேர் பலகை சத்தமில்லாமல் கழற்றப்பட்டது. வேறு சில கடைகளில் பலகை இருந்தது, ஷோசோன் ஒரு விரற்கடை சிறுத்தது. இரண்டாவது வழியே நேர்மையானது என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமில்லை.

மாவைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் தொழில், அப்பிளைப் பற்றிக் காட்டிய அலட்சியம் வியப்புக்குரியது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் தோன்றிய கோல்டன் வகை, போருக்குப் பிந்திய காலத்தில் பிரெஞ்சுத் தோட்டங்களில் பரவி, ஆண்டு முழுவதும் ஒரே அளவில், ஒரே விலையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கத் தொடங்கிய பின், லபோக்களுக்கு வேறு அப்பிள் தேவைப்படவில்லை. கோல்டன் கெட்ட பழமன்று. மேட்டுநிலமான லிமூசாங் வட்டாரத்தில் விளையும் கோல்டனுக்கு 2005இல் பிறப்பிடப் பாதுகாப்பே வழங்கப்பட்டது. துண்டாக வெட்டி வேகவைத்தால் அது வடிவம் குலையாமல் நிற்கும். கூழுக்கோ அதன் இனிப்பு மட்டும் போதாது, புளிப்பு வேண்டும். பழைய தொழிலாளர் இதற்காகக் கரடுமுரடான தோலும் கூர்மையான புளிப்பும் கொண்ட பொஸ்கூப்பைக் கலந்தார்கள். ஒல்லாந்து வகையான அது அடுப்பில் பத்து நிமிடத்தில் தானாகவே கரைந்துவிடும். ஆகஸ்ட் இறுதியில் பறிக்கத் தொடங்கும் ரென் தே ரெனெத் வந்துவிட்டால், புளிப்பும் மணமும் ஒன்றாக அமைந்த அந்தப் பழத்துக்கு வேறு துணை தேவைப்படாது. சந்தையில் அதன் காலம் குறுகியது என்பதால், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யப்படும் ஷோசோனும் மே மாதத்தில் செய்யப்படும் ஷோசோனும் ஒரே கடையில் ஒரே கையால் செய்யப்பட்டாலும் ஒன்றல்ல. வசந்தத்தில், குளிர்க்கிடங்கில் பல மாதம் இருந்து மாவாகிப்போன கோல்டனைக் கொண்டு கூழ் காய்ச்சுபவர், தேசிக்காய்ச் சாற்றைக் கூட்டிச் சீனியைக் குறைத்துத்தான் அதை மீட்க வேண்டும்.

கூழ் காய்ச்சுவதே ஷோசோனின் உண்மையான வேலை. 1 கிலோ சீவிய அப்பிளுக்கு 80 முதல் 100 கிராம் சீனி, அரைத் தேசிக்காய்ச் சாறு, கீறிய வனிலாக் காய் ஒன்று, ஒரு கரண்டி வெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, முதலில் மூடியிட்டு வேகவைத்து, பின்னர் மூடியைத் திறந்து வற்ற விடுவார்கள். அப்பிளின் எடையில் பெரும்பகுதி நீர். அந்த நீர் அடுப்பில் போகாவிட்டால் போறணையில் போகும். போறணையில் அது போவதற்கு அடி மாவைத் தவிர வேறு வழியில்லை. அகப்பையால் பாத்திரத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தால், அது உடனே மூடிக்கொள்ளாமல் அடித்தகடு தெரிய நிற்க வேண்டும். குளிர்ந்த தட்டில் ஒரு கரண்டி கூழை வைத்து ஒரு நிமிடம் பார்த்தால், அதைச் சுற்றி நீர் வளையம் கசியக் கூடாது. இவ்விரண்டு சோதனைகளிலும் தேறிய கூழ் முழுதும் குளிரும்வரை, இயன்றால் ஓர் இரவு, வைக்கப்படும். இளஞ்சூடான கூழ் உள்ளே போனால் வெண்ணெய் போறணையைக் காண்பதற்கு முன்பே உருகிவிடும்.

மற்றவை சிறு கவனங்கள். மாவை மூன்று, நான்கு மில்லிமீற்றர் கனத்தில் உருட்டி, பல்விளிம்பு வட்ட அச்சால் வெட்டி, வட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் உருளையால் ஒரு தடவை நீட்டி, அங்கே ஏறத்தாழ 50 கிராம் கூழை வைத்து, ஓரத்தில் நீர் தொட்டு மடித்து அழுத்துவார்கள். நீருக்குப் பதிலாக முட்டை தடவினால் வழுக்கும். மடித்ததைக் கவிழ்த்து வைத்து, முட்டை பூசி, அரை மணி குளிரில் வைத்து, மீண்டும் பூசி, கத்தி முனையால் படலத்தை அறுக்காமல் கோலம் கீறி, ஆவி போக ஒரு துளை இடுவார்கள். வெட்டிய ஓரத்தில் முட்டை வழிந்தால் அது வெந்து இறுகிப் படலங்களைப் பிணைத்துவிடுவதால், ஷோசோன் ஒரு பக்கம் மட்டும் எழுந்து கோணலாகும். 190 பாகை அளவில் 25 முதல் 30 நிமிடம் வேகவேண்டும். வாடிக்கையாளர் வெளிறிய பாணைக் கேட்டு வாங்கும் பழக்கம் பரவிய பின் ஷோசோனையும் பொன்னிறத்திலேயே எடுத்துவிடும் கடைகள் பெருகின. அடுக்கு மாவோ நல்ல தவிட்டு நிறம் வரும்வரை உள்ளே வேகாது. வெளியே எடுத்ததும் சூட்டோடு சீனிப்பாகு பூசினால் மினுக்கம் வரும், சற்று நேரத்துக்கு ஈரமும் உள்ளே இறங்காது.

பிரான்சில் 1998 மே மாதத்துச் சட்டத்தின்படி, பிசைதல் முதல் சுடுதல்வரை எல்லாவற்றையும் அதே இடத்தில், எந்தக் கட்டத்திலும் உறைய வைக்காமல் செய்யும் கடை மட்டுமே புலோஞ்சேரி, அதாவது பாண் கடை, என்ற பெயர்ப்பலகையை வைக்கலாம். அச்சட்டம் பாணுக்கு மட்டுமே உரியது என்பதைத் தெருவில் போகும் பலர் அறியார். பலகைக்குக் கீழே விற்கப்படும் குருவாசோனும் ஷோசோனும் தொழிற்சாலையிலிருந்து உறைநிலைப் பெட்டியில் வந்தவையாக இருப்பதற்குத் தடையேதும் இல்லை. ஒரு தூரியேயின் மாதச் சம்பளத்தையும் சமூகக் காப்புக் கட்டணத்தையும், பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கும் வேலைக்கு ஆகும் பத்து நிமிடத்தையும் ஒப்பிடும் பத்ரோனைக் குறை சொல்வது எளிது. அவருடைய வாடகைச் சீட்டைப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. உறைய வைத்தல் தன்னளவில் குற்றமும் அன்று. சுடாத அடுக்கு மா உறைநிலையை நன்றாகத் தாங்கும் என்பதால், எல்லாவற்றையும் தாமே செய்யும் கடைகளும் வாரத்துக்கு இரு தடவை ஷோசோன் மடித்து உறைய வைத்து, நாள்தோறும் தேவைக்கேற்பச் சுடுகின்றன. தொழிற்சாலைச் சரக்கைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மா அன்று, கூழ்தான். கசியாமல் இருப்பதற்காக மாப்பொருள் சேர்த்து இறுக்கப்பட்ட அது, கத்தியில் வழவழவென்று ஒட்டும், அப்பிளின் நார் நாக்கில் தட்டுப்படாது.

தூரியேயின் உண்மையான சோதனை மாதம் ஜனவரி. அரசர் திருநாளுக்குரிய கலெத் தே ருவா என்னும் வட்ட அடுக்குப் பலகாரத்துக்காக, அம்மாதம் முழுவதும் மலைபோல் அடுக்கு மா தேவைப்படும். அதில் எஞ்சும் வெட்டுத்துண்டுகளே மிக எளிய அப்பிள் இனிப்பான தார்த் ஃபினுக்கு, அதாவது மெல்லிய திறந்த அப்பிள் தட்டுக்கு, அடித்தளமாகின்றன. வெட்டுத்துண்டுகளை உருண்டையாகப் பிசைந்துவிட்டால் 729 படலங்களும் வீணாகும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக அடுக்கி அழுத்தி, ஓய விட்டு உருட்டினால் அவை குறைவாக எழுந்தாலும் மொறுமொறுப்பாகவே இருக்கும், இத்தட்டுக்கு அதுவே ஏற்றது. இரண்டு மில்லிமீற்றர் கனத்தில் உருட்டி, முட்கரண்டியால் நெடுகக் குத்தி, மேலே கூழை மிக மெல்லியதாகத் தடவி, கோல்டனை அரைவட்டச் சீவலாக வெட்டி ஒன்றன் தோளில் ஒன்று சாயும்படி அடுக்கி, உருக்கிய வெண்ணெயும் சீனியும் தூவி, 200 பாகையில் ஓரங்கள் கருகத் தொடங்கும்வரை விட வேண்டும். குளிர்ப்பகுதியில் சுருளாக விற்கப்படும் ஆயத்த அடுக்கு மாவைக் கொண்டு வீட்டிலும் இதைச் செய்யலாம். பாரிஸின் லா சப்பல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பற்றிசோடும் ரோல்சோடும் இந்தத் தட்டும் வைக்கப்படுவதற்குக் காரணம், வீட்டில் யாராவது ஒருவர் லபோவில் வேலை செய்வதுதான். வீட்டுப் போறணையில் தட்டை நடுத்தட்டில் வைப்பதே பலரின் வழக்கம். அடி வேகவேண்டுமானால் கீழ்த்தட்டில், முன்கூட்டியே சூடாக்கிய தகரத்தின்மேல் வைக்க வேண்டும்.

2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வேலை அனுபவத்தைக் காட்டி அதற்கான தொழிற்சான்றிதழைப் பெறும் வழியைத் திறந்தது. பல ஆண்டு வேலை செய்தும் கையில் தாளொன்றும் இல்லாதிருந்த தமிழருட் சிலர் அதனால் சான்றிதழ் பெற்று, சொந்தக் கடை எடுக்கத் துணிந்தார்கள். 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் பரிசை இருபதாம் வட்டாரத்தில் கடை நடத்தும் தர்ஷன் செல்வராஜா வென்று, ஓராண்டுக்கு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் பாண் கொடுக்கும் உரிமையைப் பெற்றபோது, செய்தித்தாள்கள் அதை வியப்போடு எழுதின. அதிகாலை லபோக்களில் யார் நிற்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்கவில்லை. புதிதாகக் கடை எடுப்பவர்கள் இன்று முதலில் கேட்பது ஷோசோனைத் தாமே மடிப்பதா, பெட்டியில் வாங்குவதா என்பதே. அவர்களுக்கு இக்கட்டுரையாளர் சொல்லிவருவது, குருவாசோனை வாங்க நேர்ந்தாலும் அப்பிள் கூழை மட்டும் லபோவில் காய்ச்ச வேண்டும் என்பது. பிற்பகல் நான்கரைக்குப் பாடசாலை விடும்போது பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள் என்பதால், இரண்டாவது தட்டை மூன்றரைக்குள் போறணையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மா ஆறிய பின்னும் கூழ் நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும், அதைச் சூட்டோடு பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது.